டிரைவரின் ரப்பர் செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

நான் தங்கியிருப்பது முதலாளி வீட்டு நிலவறையில். மழை பெய்தால் மூலைக் குழியில் தண்ணீர் ஊறும். அதை வெளியே தள்ள ஒரு மோட்டார் உண்டு. பிளக் பாயிண்டில் இரண்டே துளை என்று முதலாளி எர்த் பின்னை முறித்துவிட்டுச் சொருகியிருக்கிறார். வயர்மேன் மகன் நான் சும்மா இருப்பேனா? ஷாக் அடிக்கும் என்று சொன்னேன். “சும்மா தங்குற எடத்துல சட்டம் பேசாதே” என்றார்.

செவ்வாய்க்கிழமை, தண்ணீர் ஏறினால் மோட்டாரை ஓடவைக்கும் மிதவை சிக்கிக்கொண்டது. தட்டிவிடச் சொன்னார்.

“பிளக்கைப் புடுங்கிட்டு எறங்குறேன்யா.”

“புடுங்கிட்டா ஓடுதான்னு எப்படிடா தெரியும்? எறங்கு.”

இறங்கி மிதவையைத் தொட்டதும் எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. நான் சுவரோரம் விழுந்து கிடந்தபோது அவர் படியிலிருந்து கேட்டார்: “ஓடுதா?”

ஓடியது.

இரண்டு விரல் இன்னும் மரத்திருக்கிறது, அதனால்தான் கையெழுத்து கோணல். அம்மாவிடம் குளிர் என்று சொல்லுங்கள்.

கனமான ரப்பர் செருப்பு ஒரு ஜோடி அனுப்புங்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஜோடி கிடக்கிறது, எனக்கு முன்னால் இங்கே தங்கியிருந்த டிரைவருடையது; அதைப் போட மனம் வரவில்லை. திடீரென்று ஊருக்குப் போய்விட்டானாம். அவன் பெட்டியும் இங்கேதான் இருக்கிறது.

மழை பிடித்துவிட்டது. மேலேயிருந்து கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்