மாற்றிவிடலாம் என்றேன்

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

போன வாரம் முதலாளியின் வண்டியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, இன்ஜின் கொதித்து நடுச்சாலையில் நின்றுவிட்டது. பயப்படாதே, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இன்ஜினில்தான் விரிசல்.

"ரிப்பேர்னா இன்ஜினை வெளியூர் அனுப்பி வெல்டு வச்சு வாங்க ரெண்டு மாசம் ஆகும். வேற இன்ஜின் மாத்தினா பத்தே நாள்" என்றார் மெக்கானிக்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஓட்டறவன் நீ. நீயே சொல்லுப்பா. ரிப்பேர்னா, அதுவரைக்கும் ஊருக்குப் போயிட்டு வா."

அடுத்த மாதம் உனக்குப் பிரசவம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் உன் பக்கத்தில் இருப்பேன்.

மெக்கானிக்கைத் தனியே அழைத்தேன். "வெல்டு தாங்குமாண்ணே?"

"உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும் தம்பி? எப்ப விட்டுடும்னு சொல்ல முடியாது."

முதலாளியின் மனைவியை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அந்த வண்டியில்தான் அழைத்துப் போகிறேன். திரும்பும்போது உட்காரக்கூடத் தெம்பில்லாமல் பின்சீட்டில் படுத்தே வருவார்.

"மாத்திடலாம் ஐயா" என்றேன். அதன்பின் லீவைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. ஃபோனில் சொன்னால் என் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பிள்ளையை வெளியே கொண்டுவந்ததும், ஃபோனை அதன் வாய்ப்பக்கம் பிடிக்கச் சொல் உன் தம்பியிடம். அவன் ஒன்றும் பேச வேண்டாம். அழுகை மட்டும் கேட்டால் போதும்.

வாடகை வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்ற வேண்டும்.

உன் வீட்டுக்காரன்.