ஒழுகினாலும் அசல்

கோஷன், இண்டியானா
ஆகஸ்ட் 12

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், கடையும் சுகம். சுகமில்லாமல் கிடந்தது வாசலில் நிற்கும் டிரெய்லர் ஒன்றுதான், அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாயிருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை. மாப்பிள்ளை எண்ணெய் வயலுக்குப் போகிற வாரங்களில் நீ விறகு பிளக்காதே, பக்கத்து வீட்டுக்காரரைக் கேள், கேட்கக் கூச்சமாயிருந்தால் ஒரு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்துவிட்டுக் கேள், அப்புறம் கூச்சம் அவர்களுடையதாகிவிடும், முப்பது வருடமாக நான் வியாபாரம் செய்வது அப்படித்தான். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று நான் சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்துகிறார், அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நீ நேராகவே கேட்டாய்: "அம்மா, சுத்தி வளைக்காம சொல்லு, அக்டோபர்ல குழந்தை பிறக்கறப்போ ட்ராவிஸ் வடக்கே வேலைல இருப்பான், நீங்க வருவீங்களா, இல்ல நான் தனியாத்தான் இருக்கணுமா?" கேட்டதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். உன் அம்மா பதில் சொல்லாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை, நீயும் கவனித்திருப்பாய். பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது, ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் நீ நம்புவாய்.

காலில் ரத்தம் கட்டியதிலிருந்து உன் அப்பா விமானம் ஏறக்கூடாது என்பது உனக்குத் தெரியும். நான் மட்டும் பறந்து வரலாமே என்றாய். வரலாம், ஆனால் பேரக்குழந்தையைப் பார்க்க அவருக்கும் ஆசை இருக்காதா, தவிர அவரை இரண்டு மாதம் தனியே விட்டால் திரும்பி வரும்போது வீட்டையும் 1956க்குக் கொண்டுபோய் வைத்திருப்பார். சாலை வழியாக அலாஸ்காவுக்கு உன்னிடம் வருவதற்கென்றுதான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பண்ணைக்காரரின் கோழிக்கொட்டகையிலிருந்து காரின் பின்னால் கட்டி இழுக்கிற அந்த 1956 மாடல் சக்கரவீட்டை நான் வாங்கினேன். நான் கூரைச் சாமான் விற்கிறவள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், முதலில் தண்ணீரை நிறுத்து, மற்றதெல்லாம் பிறகு. கூரை ஒழுகக்கூடாது, படுக்க ஒரு கட்டில், குளிருக்கு ஒரு ஹீட்டர், போக ஒரு கழிப்பறை, ஒரு கோடைகாலத்தில் முடிகிற வேலை என்று நினைத்தேன். வெர்னனை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வெர்னன் ஸ்டட்ஸ்மனை உனக்கு நினைவிருக்கும், சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து பின்வரிசைக்கும் சேர்த்துப் பாடுகிறவர். இப்போது பழைய டிரெய்லர் சங்கத்தின் தலைவர். நம் ஊர் ஆண்கள் டிரெய்லர் தொழிற்சாலையில் காலமெல்லாம் புதிது செய்துவிட்டு, ஓய்வு பெற்றதும் பழையதில் முன்னோர் செய்த தப்புகளைத் தேடித்தேடிப் பூஜை செய்கிறார்கள். உன் அப்பா மின்சார அலுவலகத்தில் இருந்தவர், அந்தப் பூஜைக்குப் புதுசு, அதனால் பக்தி அதிகம். முதல் சனிக்கிழமை சங்கத்தார் மடக்கு நாற்காலிகளோடு வந்து இறங்கினார்கள். வெளித்தகட்டைக் கழற்றியதும் உள்ளே மரச்சட்டமெல்லாம் காபியில் நனைந்த பிஸ்கட் மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டித்தட்டிப் பார்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர் "ஐயோ" என்று சொல்ல, எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். சுவருக்குள் ஒரு எலிக்கூடு, அதில் மஞ்சள் துணி ஒரு துண்டு. அசல் திரைச்சீலை! அதை உறையில் போட்டுப் பத்திரப்படுத்தி, அதே மஞ்சள் துணியைத் தேடுவதிலேயே ஒரு குளிர்காலம் போயிற்று. ஒரு எலிக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்து ஸ்க்ரூ. அந்த வண்டியில் முதலில் போட்டது தலையில் ஒற்றைக்கோடு உள்ள ஸ்க்ரூவாம். ஸ்டார் ஸ்க்ரூ ஒன்று கண்ணில் பட்டாலும் சங்கத்துப் போட்டியில் நடுவர் மதிப்பெண்ணை வெட்டிவிடுவாராம். என் கடையில் பெட்டி பெட்டியாக ஸ்டார் ஸ்க்ரூ இருக்க, உன் அப்பா மூன்று மாநிலத்துப் பழைய சாமான் சந்தைகளில் ஒற்றைக்கோட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வந்ததை மாட்டிவிட்டு, கோடுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டேன். "அசல்ல கழிப்பறை கிடையாதும்மா" என்றார் வெர்னன். அலாஸ்கா வரைக்கும் நான் என்ன செய்ய என்றேன். "வழியெல்லாம் காடுதானே அம்மணி, ஆண்டவன் விட்ட இடம்." "காட்டுல கரடியும் இருக்கு வெர்னன், அதுவும் அசல்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கழிப்பறை வரவில்லை.

இதையெல்லாம் பொறுத்தேன் டெஸ்ஸா, கூரையைத்தான் பொறுக்க முடியவில்லை. பக்கத்தகடும் கூரைத்தகடும் சேருகிற ஓரத்தில் நீளமாக ஒரு உலோகப் பட்டி வரும், தண்ணீர் புகுவது அதன் அடியில்தான். அங்கே ஒட்டும் ரப்பர் பட்டை ஒன்றை வைத்து இறுக்கினால் என் காலம் முழுக்க ஒழுகாது, அந்தப் பட்டை என் கடையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது. "தொழிற்சாலைல அப்ப பிசைஞ்சு அப்பற புட்டிதான் வச்சாங்க" என்றார் வெர்னன். அந்தப் புட்டி காய்ந்து வெடித்ததால்தானே உள்ளே இவ்வளவும் அழுகியது என்றேன். "அது வேற விஷயம் ரோண்டா. நாங்க செய்யறது ரிப்பேர் இல்ல, மீட்பு." உன் அப்பா என்னையும் பார்த்தார், வெர்னனையும் பார்த்தார், அப்புறம் புட்டியைப் பிசைந்தார். நம் வீட்டில் அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை, கல்யாணத்தன்று பாதிரியாரிடமும் ஆமாம் என்றுதான் சொன்னார், அந்த ஒரு தடவை எனக்கு லாபம், மற்றபடி எப்போதும் நஷ்டம்.

இந்த மாதத் தொடக்கத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் சங்கக் கூட்டம் நடந்தது. புல்வெளி முழுக்க வரிசையாக டிரெய்லர்கள், கதவெல்லாம் திறந்து கிடக்கும், முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நின்று உள்ளே போய் நம் கட்டிலைத் தடவிப் பார்ப்பார்கள். பெண்கள் புள்ளிபோட்ட கவுன், ஆண்கள் தொப்பி, எல்லாம் அந்தக் காலம். மேஜையில் அந்தக் காலத்து ரொட்டிப்பெட்டி, உள்ளே ரொட்டி கிடையாது. எல்லாவற்றிலும் படுக்கை விரித்திருக்கிறது, ஒன்றிலும் யாரும் படுக்கவில்லை. வெர்னனும் அவர் மனைவி லவோனும் மரங்களுக்குப் பின்னால் ஒரு புது டிரெய்லரை ஒளித்து வைத்திருந்தார்கள், ஏசி, சுடுதண்ணீர், கழிப்பறை எல்லாம் உள்ளது. லவோன் என் காதில், "ரோண்டா, அவசரம்னா வந்துட்டுப் போ, ஆம்பளைங்ககிட்ட மூச்சு விடாதே" என்றாள். போனேன். சொர்க்கம்.

நம் வண்டியை நடுவர் பார்க்க வந்த நேரத்தில் மழை கொட்டியது. ஒஹையோவிலிருந்து வந்த மனுஷன், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை, கையில் பூதக்கண்ணாடி. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் நனையாமலிருக்க உள்ளே நெருக்கியடித்து ஏறினார்கள். ஏறியதும் கூரை ஆரம்பித்தது. முதல் சொட்டு நடுவர் கழுத்தில், அடுத்தது அடுப்பில், அப்புறம் ஓரம் நெடுக, புதுப் பிளைவுட்டில் நாங்கள் பார்க்கப் பார்க்கக் கறை இறங்கியது. உன் அப்பா ஒரு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது, மழைக்காக அல்ல, இந்த வண்டியை நம்பித்தானே உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பட்டியின் ஓரத்தைக் கண்ணாடியால் பார்த்தார். "இதுல புட்டியா வச்சிருக்கீங்க?" ஆமாம் என்றார் உன் அப்பா, குற்றவாளி மாதிரி. "அற்புதம்! இந்த வண்டிகள் அந்தக் காலத்துலயும் சரியா இந்த இடத்துலதான் ஒழுகும். இவ்வளவு அசலா ஒழுகறத நான் இப்பத்தான் பாக்கறேன்." முதல் பரிசு, நீல ரிப்பன். ஜனங்கள் நனைந்துகொண்டே கைதட்டினார்கள், வெர்னன் உன் அப்பாவைக் கட்டிப்பிடித்ததில் சட்டித் தண்ணீர் முழுக்க என் மேல்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வெர்னன் உன் அப்பா தோளில் கை போட்டு எல்லோர் முன்னாலும் அறிவித்தார்: "மெர்ல் வண்டி இனிமே ரோட்டுக்கு இல்ல. வசந்தத்துல தேசியக் கண்காட்சி, அதுவரைக்கும் என் கொட்டகைல மூடி வைக்கிறோம். அலாஸ்கா ரோட்டுச் சரளைக்கல்லுல இத இழுக்கறது கொலைக்குச் சமம்." நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் ரிப்பனைப் பார்த்துக்கொண்டு, பழக்கப்படி, தலையை ஆட்டினார். அன்றிரவே வீடு திரும்பினோம். நீ போனில் கேட்டது அதற்கு மறுநாள்தான். என் வாய் ஏன் அடைத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

அன்று மத்தியானம் ஈரம் காயட்டும் என்று மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டேன், கோபத்தில் இழுத்தேன் என்றே வைத்துக்கொள். பின்பக்கக் கட்டிலுக்கு மேலே குழந்தைக்கென்று ஒரு சின்னத் தொங்கு கட்டில் அந்த மாடலில் உண்டு. அதன் மெத்தையைத் தூக்கினால் ஓரத்தில் மரத்தில் ஒரு தடுப்பு. அசலில் அது கிடையாது, படத்தில் நானே பார்த்திருக்கிறேன். முனைகளையெல்லாம் உருட்டி, கை வைத்தால் வெண்ணெய் மாதிரி இழைத்திருந்தது. மாட்டியிருந்தது ஸ்டார் ஸ்க்ரூவில், என் கடை ஸ்க்ரூ, எனக்கு அடையாளம் தெரியாதா. நடுவர் கண்ணில் படாமலிருக்க மேலே போர்வையைச் செருகி வைத்திருக்கிறார் உன் அப்பா. கூப்பிட்டேன். "ஏம்ப்பா மெர்ல், இது என்ன?" "தடுப்பு." "நடுவர் பாத்திருந்தா?" "மார்க்கு போயிருக்கும்." "அப்புறம் ஏன் வச்சே?" வாசற்படியில் நின்று மூக்கைச் சொறிந்தார். "குழந்தை உருண்டா கீழ விழுந்துடாதா?" என்றார். "அதுக்கு ஸ்டார் எதுக்கு?" "அதுதான் நல்லா இறுகும். ஒற்றைக்கோடு வழுக்கும், ரோண்டா."

இரண்டு வருடமாக நான் சொன்னதை அவரே சொன்னார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "அந்தக் குழந்தை அலாஸ்கால பிறக்கப் போகுது, இந்தக் கட்டில் வெர்னன் கொட்டகைல தொங்கினா யாருக்குப்பா தடுப்பு?" என்று மட்டும் கேட்டேன். அவர் உள்ளே போய்க் காபி குடித்தார். அப்புறம் ஏணியை எடுத்து வந்து சாத்தி, "உன் கடைல அந்த ரப்பர் பட்டை இருக்கா?" என்றார், உலகத்தில் அப்படி ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது போல. பட்டியைக் கழற்றிப் புட்டியைச் சுரண்டி, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஒட்டி இறுக்கினோம். நடுவில் வெர்னன் வந்து கீழே நின்று, "மெர்ல், என்னய்யா பண்றே, ரிப்பன் போச்சுய்யா!" என்று கத்தினார். உன் அப்பா மேலே இருந்தபடி, "இல்ல வெர்னன்" என்றார். ரிப்பன் போகவில்லை என்கிறாரா, வண்டி கொட்டகைக்கு வராது என்கிறாரா, தெரியாது. ஆனால் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டேன் டெஸ்ஸா, ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வெர்னன் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் லவோன் பின்வாசல் வழியாகக் கடைக்கு வந்து, தங்கள் பழைய வண்டிக்கென்று இரண்டு சுருள் வாங்கிப் போனாள், மூச்சு விடாதே என்றாள், உன்னிடம்தான் விடுகிறேன்.

அதற்கப்புறம் மூன்று மழை பெய்துவிட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை. ஹீட்டர் மாட்டியாயிற்று. பெஞ்சுக்கு அடியில் தூக்கிப்போகிற கழிப்பறை ஒன்று வைத்தாயிற்று, அதன்மேல் அந்த எலி மஞ்சள் துணியில் ஒரு உறை, அது உன் அப்பாவின் பிடிவாதம். கடைக்கு ஆள் போட்டாயிற்று. ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: தனியாக இருக்கமாட்டாய். வரும் திங்கட்கிழமை கிளம்புகிறோம், மெதுவாகத்தான் வருவோம், சரளைக்கல் வண்டியில் எத்தனை கீறல் போட்டாலும் பனிக்கு முன்னால் உன் வாசலில் நிற்போம்.

கடவுள் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். வாசலில் அடுக்கியிருக்கும் விறகை வேறு யாரையாவது விட்டு ஓரமாக நகர்த்தி வை, வண்டி நிற்க இடம் வேண்டும். வந்து சேர்ந்ததும் வண்டி அழகாயிருக்கிறது என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதே, கதவைத் திறந்து வைத்து உங்கள் தெருவையே வரிசையில் நிறுத்திவிடுவார். பேசாமல் உள்ளே போய்த் தொங்கு கட்டிலின் மெத்தையைத் தூக்கி, ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் பார்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா ரோண்டா

உறையை ஒட்டுமுன் உன் அப்பா பார்த்துவிட்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: வண்டி 1956 இல்லையாம், 1955 கடைசியாம்.