நாலாவது கை

அலுமாரிக்குப் பின்னால் சுருட்டி நிறுத்தியிருக்கும், உன் படம் போட்ட பெனரில் இன்னும் பொரித்த எண்ணெய் மணக்கிறது. கச்சான் காற்று யன்னலால் வரும்போதெல்லாம் அது சரசரக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டு எழும்பியவனுக்கும் அந்த மணத்தில் பசிக்கிறது, மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் முகத்தை எரிக்கவும் மனமில்லை.

கல்முனைப் பெரிய வீதியில் அந்தச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தபோது வேலை கிடைத்ததென்று துள்ளினாய். என்ன வேலை? சாப்பிடுவது. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் இருந்தால், ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் தட்டிலிருந்து கையெடுப்பதில்லை. அவர் வெட்கப்படக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதையைத்தான் முதலாளி விலைக்கு வாங்கினான். மூன்று பேராக வருகிறவர்களிடம், "நாலாவது ஆளா இவர் இரிக்கட்டும்" என்று உன்னை இருத்தினான். யன்னலே இல்லாத குளிர் அறை, சிவப்பு வெளிச்சம். வெளியே அஸர் தொழுகை நேரமா மஃரிப் நேரமா என்று தெரியாது. உன் கை போய்வரப் போய்வர அவர்களின் கையும் போய்வந்தது. மறுசோறு வந்தது, அதற்குத் தனிக் காசு. மறுபடியும் வந்தது.

"சீனி வருத்தத்தோட என்னடா செய்யாய்? எழும்பு" என்றேன் ஒருநாள்.

"நான் கையெடுத்தா அவங்களும் எடுத்திருவாங்க மச்சான். மறுகா எனக்கென்ன வேல?" சிரித்தாய். காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தாய்.

அந்தப் புண்ணோடேயே நீ மௌத்தாகி, உன்னை அடக்கிய பிறகும் கடை வாசலில் உன் படம் தொங்கியது. வாய் நிறைய இறைச்சி. காற்றில் பெனர் உப்பித் தணியும்போது உன் கன்னம் மென்றது. அதைப் பார்த்து ஆட்கள் உள்ளே போனார்கள். உன் உம்மா சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். "எண்ட புள்ள இன்னும் தின்னுக்கிட்டிரிக்கான் மனே. நிப்பாட்டச் சொல்லு."

போய்க் கேட்டேன். "மௌத்தானவர் எண்டு பாக்கிறவனுக்குத் தெரியுமா தம்பி? அவனுக்குப் பசிச்சாப் போதும்" என்றான் முதலாளி. "இரிங்க, சாப்பிட்டுட்டுக் கதைப்பம்." மூன்று பேர் இருந்த சஹனொன்றில் என்னை இருத்தினான். எனக்குப் பசியில்லை, கோபம்தான் இருந்தது. ஆனாலும் கை போனது. மறுசோறு வந்தபோதுதான் கவனித்தேன். மூவரும் மூச்சு வாங்க, என் கையையே பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இருந்தது உன் இடம்.

கையெடுத்தேன். உடனே மற்ற மூன்று கைகளும் வெளியே வந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஒருவர், தப்பிப் பிழைத்தவர்போல.

கைகூடக் கழுவாமல் வாசலுக்குப் போய்க் கதிரையில் ஏறிப் பெனரை இழுத்துக் கழற்றினேன். "டேய், ஏவாரத்தக் கெடுக்காய்!" என்று முதலாளி கத்தினான். கத்தட்டும்.

"புள்ள நிப்பாட்டிட்டானா?" என்று கேட்டார் உன் உம்மா. ஓம் என்றேன்.

இப்போது கலியாண வீடுகளில் முதலில் கையெடுப்பவன் நான்தான். மரியாதை தெரியாதவன் என்கிறார்கள். எனக்கு அதில் கவலையில்லை. கையெடுத்த பிறகும் சஹனையே பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற மூவரும் நிறுத்தியிருப்பார்கள். என் பக்கத்துச் சோறு மட்டும் மெல்லச் சரியும், யாரோ அள்ளியதுபோல.