இரண்டு விரல் கீழே

அக்கா,

இன்று காலை ஸ்கேனுக்கு முதலில் வந்தவர் ஒரு வயதான அம்மா, ஒட்டி உலர்ந்த உடம்பு. ஜெல்லின் குளிர்ச்சி பட்டதும் சிலிர்த்தார். வலது சிறுநீரகத்தைத் தேடிப் போன என் கை, வழக்கமான இடத்துக்கு இரண்டு விரல் கீழேயே போய் நின்றது. அங்கேதான் இருந்தது. உன் உடம்பில் பழகிய கை.

தசரா விளக்குப் பார்க்கச் சாமராஜநகரிலிருந்து வருஷா வருஷம் பஸ்ஸில் வருவாய். மறுநாள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு என் ஸ்கேன் அறையில் படுப்பாய். உன் சிறுநீரகத்தில் ஒரு பொடிக்கல் இருந்தது. கல் வளரவில்லை. சிறுநீரகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது.

நோயில்லை என்றேன். கருவில் அது இடுப்புக்குள் உருவாகி, மெல்ல ஏறி விலாவுக்கடியில் அமர்கிறது. வயதாகி உடம்பு இளைத்தால், தாங்கும் கொழுப்பு குறைந்து சற்று இறங்கும் என்று விளக்கினேன்.

"ஏன்டி, அதுக்கும் மூட்டு வலியா? படியேற முடியலையாமா?" என்று கேட்டாய்.

சிரித்தேன். ஆனால் நீ இளைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தசராவுக்காவது அது பழைய இடத்தில் இருக்க வேண்டும் என்று, ஒரு டாக்டருக்கு வரக்கூடாத அசட்டு ஆசை.

மூச்சை இழுத்துப் பிடித்தால் சிறுநீரகம் இன்னும் கீழே வரும். படம் தெளிவாக விழும். பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரையிலேயே மூழ்கிவிடுவேன். மற்றவர்கள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். நீ மட்டும் படம் கெட்டுவிடுமோ என்று முகம் சிவக்கக் கிடப்பாய். "புடிக்கச் சொன்னவ, விடச் சொல்ல மறந்துட்டயேடி" என்பாய் பிறகு.

இந்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். எந்த மருந்தும் பலிக்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் பாரம் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். எதற்காகக் காத்திருக்கிறாய் என்று விளங்க எனக்கு நேரமாயிற்று. குனிந்து உன் காதருகே, "விட்டுடுக்கா" என்றேன். எப்போதும்போல் சொன்னபடி கேட்டாய்.

தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். இன்று வந்த அம்மாவும் மூச்சைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இப்போதெல்லாம் நான் மறப்பதேயில்லை, அக்கா. அந்தச் சொல்தான் வாயில் வருவதில்லை. தோளைத் தொடுகிறேன், அவர்களாகவே விட்டுவிடுகிறார்கள்.