என் கையால் எழுதின சாட்டிஸ்ஃபேக்டரி

ஜூன் 3

விடியக்காலம் முதல் மழை. ஆபீஸ் ஜன்னல் ஒழுகுகிறது. பியூனாக இருந்து கிளார்க் ஆன பிறகு முதல் பெரிய வேலை: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்தைச் சான்றிதழ். எல்லாருக்கும் 'குட்'. அஜிதாவுக்கு மட்டும் 'சாட்டிஸ்ஃபேக்டரி' போதும் என்றார் பிரின்சிப்பல். போன வருஷம் ஓணம் கழிந்தும் தமிழ் மீடியத்துக்கு ஏன் புத்தகம் வரவில்லை என்று பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து கேட்டவள் அவள். சரி, அவருக்கு அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். சாட்டிஸ்ஃபேக்டரி என்றால் திருப்தி; அது நல்லதுக்கு ஒரு படி மேல்தானே. இதே பள்ளியில் படித்து முடித்தபோது எனக்கும் அந்த வார்த்தைதான் எழுதித் தந்தார்கள். லாமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

வாங்க வேண்டியது: பல்பு, கறிவேப்பிலை, பூட்டு.

ஜூன் 6

மழை விட்டது. அஜிதாவின் அம்மா மேரி பனச்சமூட்டிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தாள். மார்த்தாண்டத்தில் நர்சிங் இன்டர்வியூ. சான்றிதழைப் பார்த்ததும், ஸ்கூலில் என்ன சண்டை போட்டாய் என்று பிள்ளையைக் கேட்டார்களாம். 'குட்' இல்லாவிட்டால் சீட் இல்லை. நாளை மதியம் வரை டைம்.

"அக்கா, எம்பிள்ள யாருகிட்டயும் ஒரு வார்த்த மோசமா பேசினது உண்டா?"

இங்கிலீஷ் டீச்சரிடம் ஓடினேன். 'குட்' என்றால் நல்ல பிள்ளை. மற்றது, நல்லது என்று சொல்ல மனமில்லாமல் ஒப்பேற்றுகிற வார்த்தை, பார்க்கிறவர்களுக்கு அது புரியும் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கையெழுத்தில் அல்லவா அந்தப் பிள்ளையைக் கெடுத்திருக்கிறார் பிரின்சிப்பல். வெட்கம் கெட்டவர்.

ஜூன் 7

தலைவலி. தூக்கமே இல்லை. சீக்கிரம் போய், புது ஃபாரத்தில் 'குட்' எழுதி பிரின்சிப்பல் மேஜையில் வைத்தேன். அவர் நிமிரவே இல்லை. ரெண்டும் ஒண்ணு தன்னே, கிளார்க்குக்கு இதில் என்ன காரியம் என்றார். இருபது வருஷம் அந்த மேஜைக்கு டீ கொண்டுபோனவள் நான். ஃபாரத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"ஒண்ணுதான்னா இதுல ஒப்பு போடுங்க சாரே. போடாம நான் போவமாட்டேனாக்கும்."

பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். மேரி வாசலிலேயே வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் என்னுடைய சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். எத்தனை வேலைக்கு இதைக் கொண்டு போய்க் காட்டியிருப்பேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. மார்க் போதாது என்றே நினைத்திருந்தேன். கடைசியில் இங்கேயே பியூன்.

இப்படி எழுதித் தர நான் என்ன செய்தேன்? ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இதில் ஒப்பு போட்ட பழைய பிரின்சிப்பல் செத்து எட்டு வருஷம். யாரிடம் போய்ச் சண்டை பிடிக்க?