நின்ற பிறகும் ஊற்றச் சொன்னவன் நானே

அனுப்புநர்:
நில அளவை அலுவலகப் படவரைவாளர் (ஓய்வு),
கதவு எண் 14, தரைத்தளம்,
தண்ணீர்த் தொட்டிச் சாலை.

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
எரிபொருள் விற்பனை நிலையங்கள் கண்காணிப்புப் பிரிவு.

பொருள்: காரில் அளவுக்கு மீறிப் பெட்ரோல் நிரப்பியதாகப் பங்க் ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டது – விசாரணையில் நான் அளித்த வாக்குமூலத்தைத் திருத்தி, அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் விசாரணை, நாள் ஏப்ரல் 16.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏப்ரல் 11, சனிக்கிழமை பிற்பகல், என் கார் கொட்டகையில் பெட்ரோல் கசிந்து, அதன் நெடியில் தலைசுற்றி, மாடியில் குடியிருக்கும் தையல்கார அம்மையார் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததைத் தாங்கள் அறிவீர்கள். யார் சொல்லி இவ்வளவு ஊற்றப்பட்டது என்று விசாரணையில் தாங்கள் கேட்டபோது, "ஊற்றியது அவர்தான்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யல்ல. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் அல்ல.

2. என் காரின் தொட்டி கையேட்டின்படி முப்பத்தைந்து லிட்டர் கொள்ளும். நிறைந்ததும் பம்பின் குழாய் 'டக்' என்று தானே நின்றுவிடும். அதன் பிறகும் கழுத்துவரை இரண்டு மூன்று லிட்டர் போகத்தான் செய்யும். அந்த இடம் ஊற்றுவதற்காக விட்டதல்ல. வெயிலில் பெட்ரோல் விரிவதற்கும் அதன் ஆவி தங்குவதற்கும் விட்டது. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல இயலாது. எல்லோரும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடும் அந்தப் பங்க் ஊழியர் பலமுறை சொல்லியிருக்கிறார்: "சார், தானா நின்னுட்டா அதோட விட்டுடணும். மேல ஊத்தினா வெயில்ல பொங்கி வெளிய வந்துடும்."

3. என் மனைவி மருமகளின் பிரசவத்துக்காகக் கடல் கடந்து மகன் வீட்டுக்குப் போனார். மூன்று மாதத்தில் திரும்புவதாகச் சொன்னவர், இப்போது இரண்டாவது பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பேசுகிறோம், "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதற்குள் அங்கே குழந்தை அழுதுவிடும். கார் மருந்துக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும்தான் போகிறது. ஒருமுறை நிரப்பினால் மாதக்கணக்கில் வரும். ஆயினும் சனிக்கிழமை தவறாமல் பங்குக்குப் போனேன். "என்ன சார், மேடம் டிக்கெட் போட்டாச்சா?" என்று மாப்பிள்ளை கேட்பார். அப்படிக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

4. வாரத்துக்கு இரண்டு லிட்டர் குறைந்திருந்தால் அதிகம். குழாயைச் செருகிய வேகத்தில் நின்றுவிடும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். "இன்னும் கொஞ்சம் போகும், பாருங்க" என்பேன். அவர் மறுப்பார், நான் விடமாட்டேன். பிறகு அவர் குனிந்து, தொட்டியின் வாயருகே காதை வைத்து, சொட்டுச் சொட்டாக விடுவார். அதற்கு மூன்று நிமிடம் ஆகும். மகள் கணக்கில் கோட்டை விட்டதையும், தம் ஸ்கூட்டர் மேட்டைக் கண்டாலே முரண்டு பிடிப்பதையும் அந்த மூன்று நிமிடத்தில் சொல்லிச் சிரிப்பார்.

5. விபத்துக்கு முந்தைய வாரம் அவர் விடுப்பில் இருந்தார். எனவே விபத்து நாளன்று காலை வழக்கத்தைவிட அதிகம் வற்புறுத்தினேன். "வேணாம் சார், கழுத்துக்கு வந்துடுச்சு" என்றார். "நான் சொல்றேன்ல, ஊத்துங்க" என்றேன். அதிகாரக் குரலில் சொன்னேன், ஐயா. வீடு அரை கிலோமீட்டர்தான். ஒரு கரண்டி பெட்ரோல்கூடச் செலவாகியிருக்காது. தகரக் கொட்டகையில் நிறுத்தி ஷட்டரை இறக்கிவிட்டேன். மதியம், என்ன நாற்றம் என்று பார்க்க அந்த அம்மையார் இறங்கி வந்தார். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்ததால் தெருவே பிழைத்தது என்றார் தீயணைப்பு வீரர். ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே புகுந்து கிடப்பதை மெக்கானிக் பிறகு காட்டினார்.

6. நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால், ஏன் சொன்னீர்கள் என்று அடுத்து கேட்டிருப்பீர்கள். பேச்சுத்துணைக்கு என்று நாலு பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. என் பதிலைக் கேட்டு மாப்பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தங்களிடம், "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அன்று மாலையே அவருடைய சீருடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

7. சென்ற வாரம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேலை தேடி வெளியே போயிருந்தார். அவர் மனைவி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். "சனிக்கிழமை சார் நீங்கதானா? உங்களப் பத்திச் சொல்லுவாரு. பாவம், தனியா இருக்காரு, அதான் நானும் மெதுவாவே ஊத்துவேன்னு." வேலை போனது என்னால்தான் என்பதை வீட்டில் அவர் சொல்லவே இல்லை. நானும் சொல்லத் துணியாமல் திரும்பினேன்.

ஆகவே, என் முந்தைய வாக்குமூலத்தை நீக்கி இதனைப் பதிவு செய்யவும், அவரை மீண்டும் பணியில் சேர்க்கப் பங்க் உரிமையாளருக்கு உத்தரவிடவும், விதிக்க வேண்டிய தண்டனையை எனக்கே விதிக்கவும் வேண்டுகிறேன். தானாக நின்ற பின் ஊற்றச் சொல்லக்கூடாது என்ற அறிவிப்பை ஒவ்வொரு பம்பிலும் வைக்கவும் வேண்டும். ஊழியர் வாயால் சொன்னால் என்போன்றோர் கேட்பதில்லை.

தையல்கார அம்மையாருக்கு இம்மனுவைப் படித்துக் காட்டினேன். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மறுவிசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருவேன். அன்று அவரையும் அழைக்க வேண்டும் என்பது என் தனிக் கோரிக்கை. இம்முறை அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல விரும்புகிறேன்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: மே 4

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
படவரைவாளர், ஓய்வு