இரண்டாவது கம்பி

2025 ஜூன் 2, திங்கள்

இன்று ஓடிவிட்டது!

கல்லூரி மாடியில் சோலார் இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து இங்கே திருச்சி வானொலி கேட்காது. எந்த ரேடியோவைத் திருப்பினாலும் கொர்ரென்று ஒரே இரைச்சல். இன்று பதினொன்றரைக்கு நான் செய்த இரைச்சல் நீக்கும் ஃபில்டர் வழியாக ஒருவர் நெல் ரகம் பற்றிப் பேசியது வார்த்தை பிசகாமல் கேட்டது. ஒரு ஏரியல் கம்பி குரலையும் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது. இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்த இரண்டாவது கம்பி இரைச்சலை மட்டும். ஃபில்டர் இரண்டையும் ஒப்பிட்டு, இரைச்சல் மாற மாறத் தானும் மாறி, அதைக் கழித்துவிடுகிறது. வெயில் ஏறி இரைச்சல் மாறியபோதும் ஈடுகொடுத்தது. இருபத்தொன்பது வயதில் லேப்பில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

பெங்களூரு ஆய்வகத்தில் வேலை கிடைத்து ஒன்பது நாள். 30-ஆம் தேதி ஒரிஜினல் சான்றிதழ்களோடு சேர வேண்டும். அவை தாளாளர் அறை பீரோவில் இருக்கின்றன. நான் இங்கே விரிவுரையாளராகச் சேர்ந்த அன்று, சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கினார்கள். எல்லோரிடமும் அப்படித்தான். மூன்று வருடமாகச் சரிபார்க்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

துறைத் தலைவர் உதயசூரியன் சாரிடம் போய்ச் சான்றிதழ் கேட்டேன். 13-ஆம் தேதி கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிறதாம். தாளாளர் என் ஃபில்டரைத்தான் காட்டச் சொல்லிவிட்டாராம்.

"இது நல்லா ஓடுற வரைக்கும் ஒங்கள விடமாட்டாங்க டயானா மேடம்" என்றார்.

நன்றாகச் செய்ததற்குத் தண்டனை. எங்கே போய்ச் சொல்ல?

ஜூன் 8, ஞாயிறு

ஆவூரிலிருந்து அம்மா போன். எனக்காகச் சர்ச்சில் பூசைக்குச் சொல்லியிருக்கிறாளாம். பெங்களூருக்கு எத்தனை பெட்டி கொண்டுபோவாய் என்று கேட்டாள். ஒன்று என்றேன்.

ஜூன் 9, திங்கள்

ஓடுகிற வரைக்கும் விடமாட்டார்கள். அப்படியானால் — ஓடாவிட்டால்?

இரண்டாவது கம்பியை முதல் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் போதும். அதிலும் குரல் ஏறிவிடும். எது குரல், எது இரைச்சல் என்று ஃபில்டருக்குத் தெரியாது. இரண்டாவது கம்பியில் வருவதெல்லாம் அதற்குக் கழிக்க வேண்டியதுதான். குரலையும் சேர்த்துத் தின்றுவிடும். எல்லோர் முன்னாலும் அசிங்கப்படுவேன், உதவாத ஆள் என்று அனுப்பிவிடுவார்கள்.

என் கையாலேயே என் வேலையைக் கெடுப்பதா? சீ. ஆனா வேற என்ன வழி இருக்கு எனக்கு?

ஜூன் 12, வியாழன்

கட்டிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

குழுவில் மூன்று பேர். இருவர் மேலாண்மைப் பேராசிரியர்கள், ஒருவர் சிவில். முதலில் ஃபில்டர் இல்லாமல் ரேடியோவைப் போட்டேன். முகம் சுளித்தார்கள். பிறகு ஃபில்டர். இரைச்சல் அடங்கியது. செய்தி வாசித்தவரும் அடங்கினார். ஒன்றுமே இல்லை. திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தாளாளர் கைதட்டினார்.

"பாத்தீங்களா, ஒரு பொட்டுச் சத்தம் இல்ல" என்று குழுவைப் பார்த்துச் சொன்னார். அவர்களும் தட்டினார்கள். ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உதயசூரியன் சாரும் தட்டினார். நான் நன்றி சொன்னேன். இந்த வாயை என்ன செய்வது?

ஜூன் 16, திங்கள்

கேட்டில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ். நான் இனி இந்த ஃபில்டர் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர், மூன்று வருடத்துக்கு. சான்றிதழ் கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்று தாளாளர் சிரித்தார்.

30-க்கு இன்னும் பதினாலு நாள்.

ஜூன் 18, புதன்

உதயசூரியன் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே கெடுத்தேன் என்று.

"தெரியும் மேடம். ரெண்டு கம்பியும் ஒண்ணாக் கட்டியிருந்ததப் பாத்தேன்."

பார்த்துவிட்டா கைதட்டினீர்கள் என்றேன். மேசையில் இருந்த வருகைப் பதிவேட்டை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"என்னோட ஒரிஜினலும் அதே பீரோவுலதான் இருக்கு. பதினோரு வருசமா."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. பதினோரு வருடம் கழித்து நானும் யாருக்காவது இப்படித் தட்டிக்கொண்டு நிற்பேன்.

ஜூன் 20, வெள்ளி

சான்றிதழ்களைத் திருப்பித் தரச் சொல்லி மனு எழுதி முடித்தேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். நீங்களும் வாருங்கள் என்று சாரைக் கூப்பிட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு மேடம் என்றார்.

ஜூன் 23, திங்கள்

லீவு சொல்லாமல் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏறினேன். ஒன்பது மணிக்கே வாசல் தாண்டி வரிசை. பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு. சான்றிதழ் என்றதும் பதிவு செய்கிற பெண் நிமிர்ந்து பார்த்தார். கல்லூரியின் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். 30-ஆம் தேதிக்குள் கிடைக்குமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

என் மனுவின் எண் 137. ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பினால், எப்போது வந்து நின்றாரோ, பின்னால் உதயசூரியன் சார். கையில் நாலாக மடித்த தாள். என்னைப் பார்க்கவில்லை, நேராக மேசையைப் பார்த்து நகர்ந்தார்.

அவருக்கு 138.